மாடிக் கட்டடங்களும் தீயணைப்புப் பிரிவும்



2020 செப்டெம்பர் 20 அதிகாலையில் கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் தாழிறங்கிப் பக்கத்து வீட்டின் மேல் விழுந்ததில், கைக்குழந்தையும் பெற்றோரும் மாண்டனர். மழையளவைப் பார்த்து மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். சரிவில் நிற்கும் மாடிகளின் விரிசலையும் சாய்வையும் அளக்கும் கருவிகளும் அந்த எச்சரிக்கை முறையில் சேரலாமே!

தீ விபத்திலும் கருவிகள் உதவும். தீ எந்த மாடியில், புகை எந்தப் படிக்கட்டில் என்பதைக் கட்டடமே தீயணைப்பு வண்டிக்கு அறிவிக்கும் முறையை அமெரிக்கத் தரநிலை நிறுவனம் எப்போதோ ஆராய்ந்துவிட்டது. கண்டி தலதா வீதி நெரிசலில் வண்டி ஊர்ந்து வருவதற்குள் உள்நிலவரம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கருவிகளுக்குப் பணம் வேண்டும்தான். கட்டடத்தின் வரைபடத்தைப் பகிர்வதற்கு வேண்டாம். கட்டட அனுமதி வழங்கும்போதே வரைபடத்தின் கணினிப் பிரதியைத் தீயணைப்புப் பிரிவுக்கும் கொடுக்க மாநகர சபை உத்தரவிட வேண்டும்.

வாசகர்,
பேராதனை