அறிதலும் ஆற்றுதலும்

தேர்வுக்கு இரண்டு நாள்களே உள்ளன. கல்லூரி விடுதியில் ஒரு மாணவி தன் தோழியிடம், "படித்தவை யாவும் மறந்துபோகின்றன; இரவில் உறக்கமும் வருவதில்லை" என்று கூறுகிறாள். தோழி உளவியல் பயில்பவள். மிகுந்த பதற்றம் நினைவாற்றலை எவ்வாறு தடுக்கும் என்பதைப் பாடநூலில் உள்ளவாறே விளக்குகிறாள். அவ்விளக்கத்தில் பிழையொன்றும் இல்லை. ஆயினும், கேட்டவள் முன்னிலும் சோர்ந்து எழுந்து செல்கிறாள்.

அடுத்த அறையில் வேறொரு தோழி இருக்கிறாள். இவள் உளவியல் பயிலாதவள்; ஆனால் அன்புடையவள். அருகில் அமர்ந்து முழுவதும் கேட்கிறாள். "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று தேற்றி அனுப்புகிறாள். உறக்கமின்மையும் உணவில் வெறுப்பும் பல வாரங்களாகத் தொடர்ந்தால், அது தேர்வு அச்சத்தைக் கடந்த நிலையாக இருக்கக்கூடும் என்பதை அவள் அறியாள்.

முதல் தோழியிடம் அறிவு இருந்தது; கேட்கும் பயிற்சி இல்லை. இரண்டாமவளிடம் பரிவு இருந்தது. அதற்கு வழிகாட்டும் அறிவு இல்லை. ஆகவே, உளவியலையும் ஆற்றுப்படுத்துதலையும் பல்கலைக்கழகங்கள் இளங்கலை நிலையிலிருந்தே இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

உளவியல் என்பது மனிதரின் உள்ளத்தையும் நடத்தையையும் ஆராயும் அறிவியல். புலனுணர்வு, கற்றல், நினைவு, ஆளுமை, ஆய்வு முறைகள், புள்ளியியல் ஆகியவை அதன் பாடப்பகுதிகள். 'கவுன்சிலிங்' என நாம் பேச்சில் வழங்கும் ஆற்றுப்படுத்துதல், துன்புற்று வருபவர் தம் நிலையைத் தாமே தெளிந்து முடிவெடுக்கத் துணைநிற்கும் பயிற்சி. கூர்ந்து கேட்டல், தகுந்த வினாக்களை எழுப்புதல், கேட்டவற்றை வெளியிடாது காத்தல் ஆகியவை அதன் கூறுகள்.

இவ்விரண்டும் தொடக்கத்திலேயே ஒன்றாக வளர்ந்தவை அல்ல. 1879ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தம் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியபோது, உளவியல் சோதனை அறிவியலாகவே உருப்பெற்றது. இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916இல் முதல் உளவியல் துறையைத் தொடங்கியது. பயன்முறை உளவியலுக்கெனத் தனித்துறை அமைந்ததோ 1938இல்தான். ஆய்வு முன்னேயும் பயன்பாடு பின்னேயும் நடந்த அப்பழக்கம், இன்றும் நம் பாடத்திட்டங்கள் பலவற்றில் தங்கியிருக்கிறது. மாணவர் மூன்றாண்டுகள் கோட்பாடுகளைப் பயில்கின்றனர். துன்புற்ற ஒருவர் முன் எவ்வாறு அமர்வது என்பதைப் பட்டம் பெற்ற பின்னரே எண்ணத் தொடங்குகின்றனர்.

இரண்டும் இணைந்தால் விளையும் பயனுக்கு அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சான்றாவார். பரிவுடன் கேட்டலையே தம் முறையின் உயிராகக் கொண்டவர் அவர். அதே வேளையில், உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, எச்சொல் உதவியது, எச்சொல் தடையாயிற்று என்று ஆராய்ந்தவரும் அவரே. 1942இல் வெளிவந்த அவரது நூலில், ஒருவருடன் நிகழ்ந்த உரையாடல்கள் முழுமையாகவே அச்சிடப்பட்டன. பரிவையும் ஆய்வுக்கு உட்படுத்தலாம் என்பதை அப்பணி காட்டியது.

தமிழில் இத்துறைக்கு வழங்கும் பெயர்களும் சிந்திக்கத்தக்கவை. கல்வியியல் நூல்கள் சில இதனை 'அறிவுரை பகர்தல்' என்கின்றன. அப்பெயர், ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுப் பணிவதாகப் பொருள் தருகிறது. இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்பர். 'ஆற்றுப்படுத்துதல்' என்னும் சொல்லோ நம் சங்க இலக்கியத்தை நினைவூட்டுகிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையுற்று எதிர்வரும் கலைஞருக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவது அவ்வகையின் மரபு. வழிகூறுபவர் தாம் நடந்த பாதையை நன்கு அறிந்தவர்; எதிரே நிற்பவரின் பசியையும் உணர்ந்தவர். அவ்விரு தகுதிகளுமே இன்றைய ஆற்றுப்படுத்துநருக்கும் வேண்டும்.

நம் நாட்டின் தேவையும் சிறிதன்று. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதை அது கண்டறிந்தது. குறைபாட்டின் வகைக்கேற்ப, அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறவில்லை என்பது அதனினும் கவலைக்குரியது. மருத்துவர்கள் மட்டுமே இவ்விடைவெளியை நிரப்ப இயலாது. பள்ளியிலும் பணியிடத்திலும் சிக்கலை முன்னதாகவே உணர்ந்து, உரியவரிடம் வழிப்படுத்துவோர் பலர் தேவை.

இக்கருத்துக்கு மறுப்பும் உண்டு. "பதினெட்டு வயது மாணவர் பிறர் துன்பத்தைத் தாங்கும் முதிர்ச்சி உடையவரா? அரைகுறைப் பயிற்சி தீங்கு விளைவிக்காதா?" என்று சிலர் வினவுகின்றனர். இது புறந்தள்ளத்தக்க வினா அன்று. இளங்கலைப் பட்டம் பெற்றவர் எவரும் அதனாலேயே சிகிச்சையாளர் ஆகிவிடுவதில்லை. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற மேற்பயிற்சியும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் வேண்டும். ஆயினும், தம் எல்லையை அறிதலும் ஆற்றுப்படுத்துதலின் முதற்பாடங்களுள் ஒன்றே. "இது என் திறனுக்கு அப்பாற்பட்டது, உரியவரிடம் அழைத்துச் செல்கிறேன்" என்று கூறக் கற்றவரால் தீங்கு குறையும். அதனைக் கல்லாதவரிடமும் நண்பர்கள் துன்பத்தைச் சொல்லத்தான் போகின்றனர்.

இணைத்துக் கற்பித்தல் என்பது இரு தாள்களை ஒரே பட்டியலில் சேர்ப்பது மட்டுமன்று. நினைவைப் பற்றிய பாடம் நடக்கும் பருவத்திலேயே, தேர்வு அச்சமுடைய ஒருவருடன் உரையாடுவது போன்ற பயிற்சியும் நடைபெற வேண்டும். மாணவர் இருவர் பேச, மூன்றாமவர் உற்றுநோக்கிக் குறிப்பெடுக்கலாம். ஆசிரியர் பின்னர் அதனைத் திறனாய்வு செய்யலாம். மறைபொருள் காத்தல் மனநலச் சேவை பெறுவோரின் உரிமை என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. அச்சட்டமும் பாடத்தில் இடம்பெற வேண்டும். பல்துறைக் கல்வியை வலியுறுத்தும் தேசியக் கல்விக் கொள்கை 2020, இம்மாற்றத்துக்கு இடமளிக்கிறது.

மாணவர்களே, உங்களுள் சிலர் பள்ளிக்கல்வி முடித்தபின் உளவியலைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது, "இங்கு மனிதரைப் பற்றி மட்டும் கற்பிக்கிறீர்களா? மனிதரோடு அமரவும் கற்பிக்கிறீர்களா?" என்று கேளுங்கள். வேறு துறையைத் தேர்பவரும் ஒன்றை மனத்திற்கொள்க: நடுவண் அரசின் 'டெலி-மானஸ்' உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.

விடுதியில் அம்மாணவி மீண்டும் ஒருநாள் கதவைத் தட்டக்கூடும். அன்று கதவைத் திறப்பவள் அவள் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும். எத்தனை நாள்களாக உறக்கமில்லை என்று வினவ வேண்டும். தேவையெனில், உரியவரிடம் உடன்செல்லவும் வேண்டும். இம்மூன்றையும் ஒருத்தியே செய்ய இயலும். அதற்கு அவளை ஆயத்தப்படுத்துவது பல்கலைக்கழகத்தின் கடமை.