இளம் வேட்டைக்காரனுக்கு ஏற்ற துவக்கு

ஊர்காவற்றுறையிலிருந்து பெரியவர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்திருக்கின்றார். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் அவருடைய பேரனுக்கு வயது 16. பள்ளித் தோழர்களுடன் மான் வேட்டைக்குச் செல்ல விரும்பி, எந்த றைபிள் வாங்கலாம், எந்தத் தோட்டா ஏற்றது என்று தந்தையை நச்சரிக்கின்றானாம். "துவக்குச் சத்தத்துக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய குடும்பத்தில் துவக்குக் கேட்கும் பிள்ளை வளர்ந்திருக்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?" என்பது பெரியவரின் வினா.

இவ்வினாவில் இரண்டு பொருள்கள் கலந்துள்ளன. ஒன்று கருவியைப் பற்றியது. மற்றது அதைத் தாங்கும் மனத்தைப் பற்றியது. இரண்டையும் நோக்குவோம்.

நம் தீவுப்பகுதியில் மான் திரியும் காடு இல்லை. நெடுந்தீவின் புல்வெளியிலே கட்டாக்குதிரைகளைக் காணலாம். மானைக் காண வன்னிக்குத்தான் செல்லவேண்டும். அங்கும் கண்டு மகிழலாமேயன்றிச் சுடலாகாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் மானைக் காக்கின்றன. உரிமமின்றித் துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது. ஆகவே இங்குள்ள மாணவர்கள் இக்கட்டுரையை அறிவுக்காகப் படிப்பார்களாக.

கனடாவில் நிலைமை வேறு. வெண்வால் மானை உரிய பருவத்தில், உரிய உரிமத்துடன் வேட்டையாட அங்கே சட்டம் இடந்தருகின்றது. ஆயினும் 18 வயது நிரம்பாதவன் துவக்குக்கு உரிமையாளன் ஆகமுடியாது. 12 முதல் 17 வயது வரையுள்ளோர் பாதுகாப்புப் பயிற்சியில் தேறிச் சிறுவர் உரிமம் பெற்று, இரவல் துவக்கைக் கையாளலாம். வேட்டைக்கல்விப் பரீட்சையிலும் தேறவேண்டும். வீட்டில் துவக்கு இருப்பின், அது தோட்டா நீக்கிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பேரனுக்குத் துவக்கு வாங்க நினைக்கும் தந்தை, முதலில் தாமே அப்பாடத்தைப் படித்து உரிமம் பெறவேண்டும் என்பது இதனாற் பெறப்படும். இது நல்ல ஏற்பாடே.

இனிக் கருவிக்கு வருவோம். சூடை வலையால் திருக்கை பிடிக்க முயலும் மீனவன் நம் தீவுகளில் இல்லை. மீனின் அளவறிந்து வலைக்கண் அமைவதுபோல, விலங்கின் அளவறிந்தே குழலும் குண்டும் அமையவேண்டும். இளைஞனைப் பொறுத்தவரை மற்றோர் அளவும் உண்டு. அது அவன் உடலின் அளவு.

சோங்கின் அடியை முழங்கையின் உள்மடிப்பில் வைத்தால் சுட்டுவிரல் விசையைத் தடையின்றி எட்டவேண்டும். வளர்ந்தோருக்கென அமைந்த நீண்ட சோங்கு சிறுவன் தோளில் சரியாகப் பொருந்தாது. கண்ணும் குறியும் ஒன்றுபடா.

அடுத்தது பின்னுதைப்பு. நியூற்றனின் மூன்றாம் விதியைப் படிக்கும் மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். .243 வின்செஸ்டர் என்னும் வகையில் 6.5 கிராம் குண்டு ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 900 மீற்றர் வேகத்திற் பாய்கின்றது. குண்டை மாத்திரம் கணக்கில் எடுத்தாலே, 3.2 கிலோகிராம் நிறையுள்ள துவக்கு செக்கனுக்கு 1.8 மீற்றர் வேகத்திற் பின்னோக்கித் தோளை நாடும். எரிந்த மருந்தின் வாயுவும் முன்னே பாய்வதால் உண்மை வேகம் இதனினும் அதிகம். 1906இல் தோன்றிய .30-06 வகையின் 11.7 கிராம் குண்டைச் சுட்டாலோ, பின்னுதைப்பின் சக்தி இதைப்போல் இரு மடங்கிற்கு மேலாகும்.

இரண்டு முறை தோள் நொந்த பையன் மூன்றாம் முறை விசையை இழுக்குமுன் கண்ணை மூடிக்கொள்வான். அப்போது குண்டு மானின் நெஞ்சிற்படாது வயிற்றிலோ காலிலோ படும். அந்த மான் ஓடிப்போய், யாரும் காணாத புதரில் நெடுநேரம் துடித்துச் சாகும். பெரிய துவக்கு பெருமை தரும் என்று வாங்கிக் கொடுப்பதால் விளையும் தீங்கு இதுவே.

ஆதலால் 1955இல் வெளிவந்த .243 வகையையே இளையோர்க்கு ஏற்றதென அனுபவசாலிகள் பலர் கூறுவர். 1980இல் வந்த 7 மில்லிமீற்றர்-08 வகையும் மென்மையான குண்டேற்றத்தில் நன்று. ஆனால் ஒன்ராறியோவின் தென்பகுதியிற் சில இடங்களில் மானுக்கு றைபிள் பாவிக்க அனுமதியில்லை. சன்னத் துவக்கே விதி. செல்லுமிடத்து விதியை அறியாமற் கடைக்குப் போகலாகாது. .22 சிறு றைபிள் மானுக்கு உதவாது. பயிற்சிக்கோ அதனிற் சிறந்தது இல்லை. தோட்டாச் செலவும் குறைவு, உதைப்பும் அரிது.

தோட்டாவிலும் பேதம் உண்டு. போர்ப்படையினரின் முழுக்கவசக் குண்டு உடலைத் துளைத்து அப்பாற் சென்றுவிடும். மானைக் காயப்படுத்துமேயன்றி விரைந்து கொல்லாது. மென்முனைக் குண்டு உடலினுள் விரிந்து உடனே உயிர் நீக்கும். ஈயத் துகள் இறைச்சியிற் சிதறும் என்பதனால், உண்ணும் வீட்டார் முழுச்செம்புக் குண்டை விரும்புவதும் உண்டு.

சுடத்தகுந்த தூரம் எவ்வளவு? சாப்பாட்டுத் தட்டளவான, 20 சதமமீற்றர் அகலமுள்ள வட்டத்தில் ஐந்து குண்டுக்கு ஐந்தும் எத்தூரத்திலிருந்து படுகின்றனவோ, அத்தூரமே அவனுடைய எல்லை. 60 மீற்றர் என்றால் 60 மீற்றர்தான். அதற்கப்பால் நிற்கும் மான் அவனுடையதன்று.

புகழ்பெற்ற வேட்டைக்காரரான ஜிம் கோர்பெற் சிறுவயதிற் பெற்ற முதல் துவக்கு, ஒரு குழல் பிளந்து, உடைந்த சோங்கு கம்பியாற் கட்டப்பட்ட பழைய இரட்டைக்குழல் துவக்கு. வாய்வழியே மருந்திட்டு இடிக்கும் அக்கருவியில் ஒரு குழல்தான் உதவிற்று. ஒரு வெடி தவறினால் மறுவெடி இல்லை. அவர் பொறுமையையும் குறியையும் கற்றது இத்தகைய கருவியுடன்தான்.

நம் சைவ நூலும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. திண்ணனார் என்னும் இயற்பெயருடைய கண்ணப்ப நாயனாருக்கு, வேடர் தலைவனான தந்தை நாகன் முறைப்படி விற்பயிற்சி அளித்த பின்னரே வேட்டைக்கு அனுப்பினான் என்பது சேக்கிழார் வாக்கு. அவர் அப்பருவத்தை எய்திய வயது பதினாறு. கடிதம் எழுதிய பெரியவர் இதைக் கவனிப்பாராக. அக்கன்னி வேட்டையிற் சென்ற வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்ற பிணைமான்களை வருத்தவில்லை என்றும் பெரியபுராணம் கூறுகின்றது. கொலைத்தொழிலிலும் ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பைக் காத்தவரிடத்திலேதான் பின்னர் அன்பின் எல்லையையே கண்டோம்.

புலால் மறுத்த சைவக் குடும்பத்தினர் பேரனிடம் "வேண்டாம்" என்று அன்புடன் சொல்வது முறை. அதைச் சொல்லாமல் விடவேண்டியதில்லை. அவன் அதன் பின்னும் விரும்பினால், ஒளிந்து கற்பதிலும் மூத்தவர் முன்னே கற்பது மேல். முதலாண்டில் துவக்கு வாங்கவேண்டா. பயிற்சியில் தேறி, .22இற் பழகி, நன்கறிந்த மூத்த வேட்டைக்காரர் ஒருவருடன் தோட்டாவின்றி ஒரு பருவம் காட்டில் நடக்கட்டும். மானைப் பலமுறை கண்டும் சுடாது திரும்பக் கற்றபின், .243 ஒன்றை அவன் தோளளவு பார்த்து எடுக்கலாம்.

துவக்கால் நாம் பட்டது போதும் என்று பெரியவர் எழுதியிருக்கின்றார். உண்மை. அப்பாட்டைப் பேரனுக்கு எடுத்துச் சொல்லவேண்டியவரும் அவரே. ஒரு குண்டு பாய்ந்தபின் அதைத் திரும்ப அழைக்க முடியாது என்பதைத் தீவகத்துத் தாத்தாவைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் கனடாவின் பயிற்சி வகுப்புகளிலும் இருக்கமாட்டார்.