எடைக் கருவியின் பக்கத்தில் ஓர் அளவு நாடா

முன்பெல்லாம் ரயில் நிலையங்களில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று நிற்கும். காசு போட்டால் வண்ண விளக்குகள் மின்ன, சிறிய அட்டை ஒன்று வந்து விழும். அதன் ஒரு பக்கத்தில் எடை, மறுபக்கத்தில் சோதிடம். சோதிடத்தைப் படித்துச் சிரித்தவர்கள்கூட எடையை முழுமையாக நம்பினார்கள். மாணவ நண்பர்களே, அந்த எடை மட்டும் ஒருவரின் உடல்நலத்தைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

பெரியவர்கள் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரின் எடையும் 70 கிலோ. ஒருவர் உயரம் 160 செ.மீ., மற்றவர் உயரம் 180 செ.மீ. இருவரையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? முடியாது. எனவே எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம். கிலோ கணக்கில் உள்ள எடையை, மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். முதலாமவருக்கு 70 ÷ (1.6 × 1.6) = 27.3. இரண்டாமவருக்கு 70 ÷ (1.8 × 1.8) = 21.6. ஒரே எடைதான், ஆனால் நிலைமை வேறு.

இந்தக் கணக்கைக் கண்டவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியம் நாட்டு வானியலாளரும் புள்ளியியல் அறிஞருமான அடால்ப் கெட்லே. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று ஆராய்ந்த அவர், வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுகிறது என்று 1830-களில் எழுதினார். யார் பருமன் என்று கண்டுபிடிப்பது அவர் நோக்கமே அன்று. 1972-ல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் குழுவினர்தாம் இதற்கு இப்போதைய பெயரைச் சூட்டினார்கள். பெருங்கூட்டமான மக்களை ஒப்பிட இது எளிய, நல்ல கருவி என்பது அவர்கள் முடிவு. கூட்டத்துக்கு ஏற்ற கருவியைத் தனி மனிதருக்கும் அப்படியே பயன்படுத்தலாமா? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தராசுக்குக் கொழுப்பும் தெரியாது, தசையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது மொத்த எடை ஒன்றுதான். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கின் ஆகிய இருவரும் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து 2004-ல் ஒரு குறிப்பை வெளியிட்டார்கள். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாக்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! எண் ஒன்றாக இருந்தும் உடல் வேறாக இருந்தது.

கொழுப்பு எவ்வளவு என்பதோடு, எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு அதிகத் தீங்கு தருவது. அதிலிருந்து வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் நேரே ஈரலுக்குச் செல்கின்றன. இன்சுலினின் வேலை தடைப்படுகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இரத்த அழுத்தமும் இதய நோயும் பின்னால் வருகின்றன.

இந்தியர்களுக்கு வயிற்றில் கொழுப்பு சேரும் போக்கு அதிகம். அதனால்தான் உலக அளவில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் பருமன் என்று வைத்திருக்க, இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-ல் அந்த எல்லைகளை 23, 25 என்று குறைத்தார்கள். இடுப்புச் சுற்றளவுக்கும் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று எல்லை வகுத்தார்கள்.

எல்லையைக் குறைத்தது போதுமா? 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வைப் பாருங்கள். குறியீட்டெண்படி பருமனானவர்கள் 28.6 சதவிகிதம், இடுப்பளவின்படி 39.5 சதவிகிதம். கழித்துப் பாருங்கள். நூற்றுக்குப் பத்துப் பேராவது எடைக் கணக்கில் தப்பி, நாடாவில் அகப்படுகிறார்கள். "எடை பரவாயில்லை, போய் வாருங்கள்" என்று இவர்களை அனுப்பிவிடுவது சரியா?

ஆகவே என் கருத்து இதுதான்: எடை பார்க்கும் கருவி இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அளவு நாடாவும் தொங்க வேண்டும். எடை எழுதும் சீட்டில் இடுப்பளவுக்கும் ஒரு கட்டம் வேண்டும்.

'நாடாவில் தவறு நேருமே' என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். வயிற்றை உள்ளிழுத்தால் அளவு மாறும். நாடா மேலே கீழே நகர்ந்தாலும் மாறும். ஆனால் முறை கடினமானது அன்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளிவிட்ட பின் அளக்க வேண்டும். ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம்.

நாடா இல்லையா? ஒரு கயிறு போதும். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரின் உயரத்துக்குக் கயிற்றை வெட்டி, இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு அவர் இடுப்பைச் சுற்றி வருகிறதா? வந்தால் நல்லது. எட்டவில்லை என்றால் அவர் மருத்துவரிடம் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்வது நல்லது. கயிறு நோயைச் சொல்லாது. சோதிக்க வேண்டியவரைச் சுட்டிக்காட்டும். கருவுற்ற பெண்களுக்கு இந்த அளவு பொருந்தாது.

இன்னொன்றையும் மறவாதீர்கள். மேலே சொன்ன எல்லைகள் வளர்ந்தவர்களுக்கு உரியவை. நீங்கள் வளரும் பருவத்தினர். உங்களுக்கு வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற தனி அட்டவணைகள் உண்டு. இந்த எண்களைக் கொண்டு வகுப்புத் தோழனை 'குண்டு' என்றோ 'ஒல்லிக்குச்சி' என்றோ அழைப்பவர் அறிவியலைக் கற்றவர் ஆகார். அளப்பது நோயைத் தடுக்க. ஆளைப் பழிக்க அன்று.