டூல்தான், மெஷின் இல்லை

2025 நவம்பர் 21 முதல் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பவரில் ஓடும் பட்டறை 'ஃபேக்டரி' ஆக இனி 10 பேர் போதாது. 20 பேர் வேண்டும். "நமக்கு இது நல்லதா சார்?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள். லைசென்ஸ், ரிஜிஸ்டர், ரிட்டர்ன் வகையில் நல்லதுதான். ஃபாரம் நிரப்பவே ஓர் ஆளை வைத்திருந்த பட்டறைகளை அறிவோம். அவர்களின் நிம்மதியைக் கெடுக்கும் எண்ணம் நமக்கில்லை.

ஆனால் லேத்துக்கு முன்னால் நிற்பவரின் கணக்கு வேறு. பன்னிரண்டு பேர் இருக்கும் பட்டறை இனி வெறும் 'நிறுவனம்'. பொதுக் கடமைகள் உண்டு, ஃபேக்டரிக்கென்று வகுத்தவை கிடையாது. ஒன்பது பேர் பட்டறையோ பழைய சட்டத்தின் கண்ணிலும் பெரும்பாலும் படவில்லை, புதியதிலும் படாது. கணபதியிலும் அம்பத்தூரிலும் நம் வாசகர்கள் பலருக்குப் பட்டறை என்றால் அந்த அளவுதான்.

பழைய சட்டம் மட்டும் என்ன பார்த்தது? 1948ஆம் ஆண்டு ஃபேக்டரி சட்டத்தின் 26ஆம் பிரிவு, சுழலும் தண்டில் துருத்தி நிற்கும் செட் ஸ்க்ரூவை, போல்ட்டை, சாவியை மூடச் சொன்னது. அப்படி மூடாத மெஷினை விற்றவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 22ஆம் பிரிவு, ஓடும் மெஷினில் கை வைப்பவரின் சட்டை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்றது. எல்லாம் சுழல்வதைப் பற்றியே. அசையாமல் நிற்கும் டூல் ஹோல்டரைப் பெயர் சொல்லி ஒரு வார்த்தை இல்லை.

போன மாதம் ஒரு பட்டறையில் பார்த்தோம். நாலு பக்க டூல் போஸ்ட்டில் நாலு பக்கமும் டூல். டர்னர் தம்பி லேத்தை நிறுத்தி, சக் நின்றதைப் பார்த்துவிட்டு, வெர்னியரை ஜாப்பில் வைத்தார். அப்போது வேலையே இல்லாத பார்ட்டிங் டூலின் முனை அவர் மணிக்கட்டுக்கு அரை அங்குலத்தில் இருந்தது. கை வழுக்கியது. கட்டுப் போடும்போது சிரித்துக்கொண்டே, "டூல்தான்ணே, மெஷின் இல்ல" என்றார். சட்டம் எழுதியவர்களும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள்.

அதே போஸ்ட்டை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தோம். 20 மி.மீ. ஷாங்க் டூல் 60 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை மடங்கு, அதாவது 30 மி.மீ., தாண்டக் கூடாது என்பது நீங்கள் அறிந்ததே. நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. சென்டருக்கு ஏற்றுவதற்கு அடியில் பல்லைக்கூடத் தேய்க்காத ஹாக்சா பிளேடு துண்டுகள் மூன்று. கிளாம்ப் போல்ட் மூன்றில் ஒன்றுதான் இறுகியிருந்தது. இந்தக் கோலத்தில் பார்ட்டிங் கொடுத்தால் முனை கீழே வளைந்து கடிக்கும், ஜாப் டூல் மேல் ஏறப் பார்க்கும், ஹோல்டர் போஸ்ட்டோடு திரும்பும். அடுத்து சக் ஜாதான். பேக்கிங்குக்கு என்று உரசித் தேய்த்த பட்டைகளை ஒரு செட் வாங்கி வையுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியாயிற்று! குயிக் சேஞ்ச் போஸ்ட் வாங்கிவிட்டோம் என்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. கேம் தேய்ந்தால் அதுவும் வெட்டும்போது தூக்கும்.

இந்தப் பட்டறைக்கும் ஓர் ஆய்வாளர் வந்து போயிருக்கிறார். ரிஜிஸ்டரைப் பார்த்தார், முதலுதவிப் பெட்டியைத் திறந்தார், சுண்ணாம்பு அடித்த தேதியைக் கேட்டார். டூல் போஸ்ட் பக்கம் தலை திரும்பவில்லை. இனி அவர் பெயர் 'இன்ஸ்பெக்டர்-கம்-ஃபெசிலிடேட்டர்'. பெயர் நீண்டிருக்கிறது, எந்தப் பட்டறைக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும். குலுக்கலில் விழுகிற சீட்டில் ஒன்பது பேர் பட்டறை இருக்குமா? கட்டு போட்ட கையோடு வேலைக்கு வரும் டர்னரின் பெயர் எந்த ரிட்டர்னிலும் ஏறாது என்பது டெல்லிக்கும் சென்னைக்கும் தெரியாததல்ல. எண்ணிக்கையை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு, விடுபட்டவர்களுக்கென்று நாலு வரி எழுத மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

மாநில விதிகளில் நாங்கள் கேட்பது ஒரே வரி: எத்தனை பேர் இருந்தாலும், பவரில் ஓடும் லேத்தின் டூல் போஸ்ட்டும் அதன் பேக்கிங்கும் போல்ட்டும் ஆய்வுக்கு உட்பட்டவை.

அந்த வரி வரும்வரை, அளவெடுக்கும் முன் கேரேஜை டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிவிடுங்கள். வேலையில்லாத டூலைக் கழற்றி டிரேயில் போடுங்கள்.