ஜெயிலுக்கு முன்னால் ஆஸ்பத்திரி!

ஆந்திரா, ஒடிசா மலைக்காட்டில் விளைகிற கஞ்சா, ரெயிலிலும் பஸ்சிலும் தமிழ்நாட்டுக்கு வருகிறது. விழுப்புரம் ஜங்ஷனோ நாலு பக்க ரெயிலும் கூடுகிற இடம். திண்டிவனம் சென்னை ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கும் ஊர். இந்தச் சரக்குக்கு வழி சொல்லவா வேண்டும்? போலீசார் சும்மா இல்லை. 2022-ல் 'ஆபரேஷன் கஞ்சா 2.0' என்று மாநிலம் முழுக்க வேட்டை நடந்தது. பிடிபட்ட மூட்டை பேப்பரில் வந்துவிடுகிறது. பிடிபடாத பொட்டலம் யார் வீட்டுப் பையன் சட்டைப்பையில் கிடக்கிறதோ!

"அது வெறும் இலைப்பா, சாராயம் மாதிரி ஆளைக் கொல்லாது" என்று டீக்கடையில் நியாயம் பேசுகிறவர்கள் உண்டு. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயத்துக்கு வரிசையாகப் பிணம் விழுந்ததைப் பார்த்த மாவட்டம் இது. அதைப் பார்த்த கண்ணுக்குக் கஞ்சா சாதுவாகத்தான் தெரியும். ஆனால் அது கைவைப்பது புத்தியில்.

இழுத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடக்கும். நேரம் போவது தெரியாது. கை, கால் சொன்ன பேச்சு கேட்காது. அந்த நிலையில் ஒருத்தன் பைபாசில் வேன் ஓட்டினால் எதிரே வருகிறவர் கதி? வாடிக்கையாகிவிட்டால் விடாத இருமல், சளி. படித்தது மண்டையில் நிற்காது. இழுக்கிறவர்களில் சுமார் 10 பேரில் ஒருவர் விட முடியாமல் மாட்டிக்கொள்கிறார். பள்ளிக்கூட வயசிலேயே தொட்டால் 6 பேரில் ஒருவர் என்பது டாக்டர்கள் கணக்கு. மூளை வளர்ந்து முடிய 25 வயசு ஆகிறது. பொடியன்களுக்குச் சேதம் அதிகமாவது அதனால்தான்.

சிலருக்குக் காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கும். பெற்ற தாயே சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்று சந்தேகம் வரும். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அங்கே ஓடாதீர்கள். இது மனநோய், மருந்து இருக்கிறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இரண்டு ஊருக்கும் இடையில்தான் இருக்கிறது.

"டாக்டரிடம் சொன்னால் கேஸ் ஆகிவிடுமே!" இதுதான் பெற்றவர்கள் பயம். 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா இழுப்பதே குற்றம். 6 மாதம் வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையாகி, சின்ன அளவு சரக்கோடு சிக்கியவன் தானாக முன்வந்து அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்தால் வழக்கில் இருந்து விலக்கு உண்டு. பாதியில் ஓடி வந்தால் சலுகை போச்சு. விற்கிற ஆசாமிக்கு இந்தக் கருணை கிடையாது. 20 கிலோவுக்கு மேல் சிக்கினால் குறைந்தது 10 வருஷம் கம்பி எண்ண வேண்டியதுதான்.

ஒற்றைப் பொட்டலத்தோடு பிடிபட்ட பையனின் அப்பா ஸ்டேஷன் வாசலில் கை கட்டி நிற்கும்போது, இந்தப் பிரிவை யாராவது அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டாமா? விழுப்புரம், திண்டிவனம் ஸ்டேஷன்களில் ஆளுக்கொரு போர்டு எழுதி மாட்ட என்ன செலவாகிவிடும்? அதிலேயே அரசின் இலவச மனநல போன் நம்பர் 14416-ஐயும் பெரிசாக எழுதட்டும். ராத்திரி, பகல் எந்நேரமும் பேசலாம்.