‘சிக்னல் இல்லை’ என்பது ஒரு பதிலா?

நம் கடைகளில் பணம் வாங்குவதும், பில் போடுவதும், லாரிக்கு இ-வே பில் எடுப்பதும் இன்று கம்பியில்லா இணைப்பை நம்பியே நடக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல், கல்லா முன்பு பத்துப் பேர் நிற்கும் நேரம் பார்த்து அது காலை வாரிவிடுகிறது. “பணம் போய்விட்டதே அண்ணாச்சி” என்கிறார் வாடிக்கையாளர். நம் பெட்டியோ வாயே திறப்பதில்லை. பெட்டி கொடுத்தவர்களைக் கேட்டால், “உங்கள் ஏரியாவில் சிக்னல் இல்லை, பெரிய பிளானுக்கு மாறுங்கள்” என்று ஒரே பாட்டு. மாத வாடகை மட்டும் தேதி தவறாமல் பிடித்தமாகிவிடுகிறது.

வணிகப் பெருமக்கள் இந்தப் பதிலை இனியும் ஏற்றுக்கொண்டு போகக்கூடாது என்று நாம் கருதுகிறோம். இந்தத் துறையில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டறிந்ததை இங்கே சொல்லுகிறோம்.

இணைப்பில் போகும் செய்தி ஒரே மூட்டையாகப் போவதில்லை, சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. சேர்ந்ததற்கு எதிர்முனையிலிருந்து ரசீது வரவேண்டும். வராவிட்டால் மறுபடி அனுப்பவேண்டும். இந்த நடைமுறைக்கு டி.சி.பி. என்று பெயர். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், 400 கெஜ தூரத்தில் இருந்த இரண்டு நிலையங்களுக்கிடையே நெரிசல் முற்றி, நொடிக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட்தான் போயிற்று. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-ல் ஒரு வழி சொன்னார். பொட்டலம் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு, அனுப்பும் அளவைக் குறைக்கவேண்டும் என்பதே அது. கம்பிவழி இணைப்புக்கு மிகப் பொருத்தமான விதி.

கம்பியில்லா இணைப்பிலோ நெரிசலே இல்லாவிட்டாலும் பொட்டலம் தொலையும். நடுவில் ஒரு கான்கிரீட் சுவர், இரும்பு ரேக், பக்கத்துக் கடையின் வை-ஃபை இருந்தால் போதும். டி.சி.பி.க்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. விருதுநகரிலிருந்து அனுப்பிய நூறு மூட்டை பருப்பில் ஒரு மூட்டை நம்மூர் லாரி ஷெட்டில் கிழிந்து கொட்டிவிட்டது என்பதற்காக, ரோட்டில்தான் நெரிசல் என்று எண்ணி அடுத்த லோடில் ஐம்பது மூட்டை மட்டும் ஏற்றுகிற வியாபாரியை என்னவென்று சொல்வது?

சில்லறைப் பணப் பரிமாற்றத்தில் தொல்லை வேறு விதம். அங்கே போகிற பொட்டலங்களே மிகக் குறைவு. பொது விதிப்படி, முதல் பொட்டலத்துக்கு ரசீது வராவிட்டால் 1 நொடி காத்திருந்து மறுபடி அனுப்பவேண்டும் (2011-க்கு முன் இது 3 நொடி). அதுவும் தொலைந்தால் 2 நொடி, பிறகு 4, பிறகு 8 என்று காத்திருப்பு இரட்டிப்பாகும். நான்கு முறை தொலைந்தால் 15 நொடி ஆயிற்று. 100 எம்.பி. பிளானானாலும் 1000 எம்.பி. பிளானானாலும் இந்த 15 நொடி குறையப் போவதில்லை. நம்மிடம் வேகத்தை விற்கிறார்கள். நம் கடையின் நோயோ விடுபடுதல்.

மருந்து இல்லாமல் இல்லை. 1995-லேயே, நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மேல்படிப்புக்குப் போன ஹரி பாலகிருஷ்ணனும் அவருடன் மூவரும் ‘ஸ்னூப்’ என்ற முறையை வெளியிட்டார்கள். கம்பிவழி முடிந்து வான்வழி தொடங்கும் இடத்தில் ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்தது போன்ற ஏற்பாடு அது. கடந்து போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்வார். வான்வழியில் ஒன்று தொலைந்தால் அனுப்பியவர் காதுக்கு எட்டவிடாமல் நகலை அங்கேயே கொடுத்துவிடுவார். அவரும் பயந்து லோடைக் குறைக்கமாட்டார். சோதனையில் 20 மடங்கு வரை வேகம் கிடைத்தது. 2016-ல் கூகுள் வெளியிட்ட ‘பி.பி.ஆர்.’ முறை, தொலைவதையெல்லாம் நெரிசல் என்று கொள்ளாமல், பாதையின் கொள்ளளவையும் தாமதத்தையும் அளந்து அனுப்புகிறது. இன்றைய வை-ஃபை பெட்டியும் செல்போன் கோபுரமும் தொலைந்ததைத் தாமே சில முறை திரும்ப அனுப்பிப் பார்க்கின்றன. அதற்கும் முடியாதபோதுதான் கைவிடுகின்றன.

அந்த நிலைக்குத் தள்ளுவதில் நம் பங்கும் உண்டு. சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் ரூட்டரை ஒளித்து வைத்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டுகிற கடைகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. பில் போடும் கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்துவிடுங்கள், அதிகச் செலவில்லை. ரூட்டரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உயரத்தில் மாட்டுங்கள்.

பணம் கழிந்து கடைக்கு உறுதி வராவிட்டால், வாடிக்கையாளரை உடனே இரண்டாம் முறை போடச் சொல்லாமல், பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள். யு.பி.ஐ. மூலம் கடைக்குக் கட்டிய பணம் இப்படி நின்றுபோனால், பரிமாற்ற நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்பவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-ல் உத்தரவிட்டிருக்கிறது. வாடிக்கையாளரிடம் இதை எடுத்துச் சொன்னால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

பெட்டி கொடுப்பவர்களிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஒரு சிம் படுத்தால் மறு சிம்முக்குத் தானே மாறவேண்டும். பதில் தாமதமானால் ‘தோல்வி’ என்று அறிவிக்குமுன் அதே பரிமாற்ற எண்ணைக் கொண்டு மறுபடி விசாரிக்கவேண்டும். தனிக்கடை கேட்டால் யாரும் செவிசாய்க்கமாட்டார்கள். ஆகவே சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகப் பேசி, ஒரு வாரம் மாலை 6 மணி முதல் 9 மணி வரை கடையிலேயே வைத்துச் சோதித்த பிறகே வாடகை தொடங்கும் என்று எழுதி வாங்கவேண்டும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க இருக்கிறோம்.