தண்டிப்பவரைத் தட்டிக் கேட்பது யார்?

மகன் வக்கீலாக வேண்டும், மகள் டாக்டராக வேண்டும் என்று கனவு காணாத தமிழ்ப் பெற்றோர் நம் நாட்டில் குறைவு. பட்டம் வாங்கிவிட்டால் அத்தொழில் என்றும் நமக்கே சொந்தம் என்று நாமும் எண்ணிவிடுகிறோம். ஆனால், நெறி தவறியவரைத் தொழிலிலிருந்து நீக்கும் வழி சட்டத்தில் உண்டு. அது தேவையும்கூட. கட்சிக்காரரின் பணத்தைக் கையாடும் வழக்கறிஞரை யார்தான் ஏற்பார்? அதே வேளையில், வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது?

இதற்கு அண்டை நாடான சிங்கப்பூரில் ஒரு பாடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்த வழக்கறிஞர் ஜே.பி.ஜெயரத்தினம், 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்ற எதிர்க்கட்சித் தலைவர். கட்சிக் கணக்கு தொடர்பான வழக்கில் 1986இல் ஒரு மாதச் சிறையும் அபராதமும் பெற்றுப் பதவியை இழந்தார். அந்தத் தீர்ப்பையே காரணமாகக் கொண்டு, 1987இல் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது.

குற்றவியல் வழக்கை லண்டன் பிரிவி கவுன்சிலுக்குக் கொண்டு செல்ல அவருக்கு வழியில்லை. பெயர் நீக்கத்தை எதிர்த்து முறையிட மட்டுமே வழி இருந்தது. அவ்வழியே சென்றார். 1988இல் நீதிபதிகள் வழக்கின் வேர்வரை ஆராய்ந்து, அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதாகக் கூறி, மீண்டும் பட்டியலில் சேர்த்தனர். குற்றத் தீர்ப்போ நீக்கப்படவில்லை. மறு ஆண்டே, ஒழுங்கு வழக்குகளில் பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் வழியைச் சிங்கப்பூர் மூடிவிட்டது.

தவறு செய்தவர்கள் காலம் கடத்தவே நீதிமன்றம் போகிறார்கள் என்று சிலர் வாதிடுவர். அப்படியும் நடக்கலாம். அதற்காக எல்லாருக்கும் கதவை அடைப்பது நியாயமாகாது. வழக்குகளை விரைந்து முடிப்பதே அதற்கு மருந்து.

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டமும் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டமும் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமையை வழங்குகின்றன. ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட்டில் நீதிமன்றக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் இந்த உரிமை என் நினைவுக்கு வருகிறது.

நாளை நம்மில் சிலர் ஒழுங்கு வாரியங்களில் உறுப்பினராகலாம். சிலர் அவற்றின் முன் நிற்க நேரலாம். எந்தப் பக்கம் இருந்தாலும், தண்டிப்பவரையும் கேள்வி கேட்கும் வழி திறந்திருக்க வேண்டும். சிந்திப்போமாக!